ஜன்னல் ஓரம் உட்கார வைக்க வேண்டாம்

"இவங்கள சின்ன வயசுல இருந்து தெரிஞ்ச ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க" என்று அந்த மேடம் கதவைத் திறந்து சொன்னார். வராந்தாவில் ஆறு பேர் எழுந்து நின்றார்கள்.

ஆறு பேரும் என்னோடு வந்தவர்கள். என் வீட்டுக்காரர், என் அண்ணன், அண்ணி, சின்னம்மா, சின்னம்மாவின் மகன், அவன் வேன் ஓட்டி வந்ததால் பேச்சுத் துணைக்கு வந்த அவனுடைய சிநேகிதன். சிநேகிதனை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அவனும் எழுந்து நின்றான்.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகிற வழக்கம் கிடையாது. ஒரு ஆளுக்கு ஊசி போட வேண்டுமென்றால், அதைப் பார்க்க நாலு பேர் வேண்டும். சுடுதண்ணீர் ஃபிளாஸ்க், இட்லி வைத்த தூக்குவாளி, கீழே விரிக்கப் பழைய போர்வை எல்லாம் கூட வரும். மனநல டாக்டரிடம் போகிறோம் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு கூட்டம் குறையும் என்று நினைத்திருந்தேன். இரண்டு பேர் கூடிவிட்டார்கள்.

"ஒருத்தர் போதும்" என்றார் மேடம் மறுபடியும்.

"நான் தூக்கி வளத்தவ" என்றார் சின்னம்மா.

"நான் கூடப் பொறந்தவன்" என்றான் அண்ணன்.

"நான் கட்டிக்கிட்டவன்" என்றார் வீட்டுக்காரர்.

"கட்டிக்கிட்டப்ப இவங்களுக்கு எத்தன வயசு சார்?"

"இருபத்தொண்ணு."

"அப்ப நீங்க கடைசியா வாங்க. முதல்ல அண்ணன் வரட்டும்."

அண்ணன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான். பொண்ணு பார்க்கப் போகிறவன் மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். பின்னாலேயே நானும் போனேன். பரிசோதனை எனக்குத்தான் என்பதை யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டுமல்லவா.

கருகின பால்

வாராவாரம் நான் எழுதுகிற இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர், "அம்மா ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றில் போய் நிற்கிறீர்கள்" என்று ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருந்தார். போன வாரம் தையல் மிஷின் வாங்கின கதையைத் தொடங்கி, தெப்பக்குளத்தில் மழை பெய்த கதையில் முடித்திருந்தேன். அவருக்கு இந்த வாரம் பதில் இருக்கிறது. மருத்துவச் சான்றோடு இருக்கிறது.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். வண்டியூர் தெப்பக்குளம் பக்கம் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் அந்தோணி, நூல் மில்லில் எலெக்ட்ரீஷியன். ஒரே மகள் ஷீபா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளை மேலூரில் கட்டிக் கொடுத்தோம்.

அவளுடைய மாமியார் ரோஸ்லின் டீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முறைப்படி நான் அவரைச் சம்பந்தி என்று கூப்பிட வேண்டும். வாய் வந்ததில்லை. அவரைப் பார்த்தாலே கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன்.

ஷீபாவுக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது டீச்சர் அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பாயசத்துக்குப் பால் அடுப்பில் வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்வாசலில் ஒரு வாடிக்கைக்காரம்மா, "கழுத்து கொஞ்சம் எறங்கிருச்சு, ஒரு தையல் போட்டுத் தாங்க" என்று ரவிக்கையை நீட்டினார்.

ஒரு தையல்தானே என்று மிஷினில் உட்கார்ந்தேன். மிஷினில் உட்கார்ந்துவிட்டால் எனக்கு உலகம் என்பது ஊசியும் அதைச் சுற்றி இரண்டு அங்குலமும்தான். கழுத்தைப் பிரித்தேன். பிரித்தபோது தோளும் சரியில்லை என்று தெரிந்தது. தோளைப் பிரித்தேன்.

இருமல் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். வீடு முழுக்கப் புகை. டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய் கேஸை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, கருகின பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திருப்பிவிட்டார். முப்பத்தெட்டு வருஷம் வகுப்பில் நின்றவர்கள் சத்தம் போட வேண்டியதில்லை.

காரில் ஏறும்போதுதான் சொன்னார். "மேரி, பிரசவத்த மேலூர்லயே வச்சுக்கலாம்னு பாக்குறோம். கைக்கொழந்த இருக்கப் போற எடம் பாருங்க."

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் பக்கம் சட்டத்தை விடப் பெரிய விஷயம். பிள்ளைக்கு வெந்நீர் வைப்பதும், காது ஓரம் எண்ணெய் தடவுவதும், மகளுக்குப் பூண்டுக் குழம்பு வைப்பதும் ஒரு தாய்க்கு வாழ்நாளில் கிடைக்கிற பதவி. வேலையில் சேருவதற்கு முன்னாலேயே என்னை நிறுத்திவிட்டார்கள்.

கார் தெருமுனை திரும்பவில்லை, வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"சம்பந்தி வந்துருக்காக. புள்ள வயித்தோட வந்துருக்கா. அப்பயும் மறப்பியா? நீயி மறக்கல மேரி. உனக்கு இதெல்லாம் மனசுல இல்ல. அம்புட்டுத்தான்."

பால் கருகின வாடை மூன்று நாளில் போய்விட்டது. "மனசுல இல்ல" போகவில்லை.

ஒத்தச் செருப்பு

இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. எட்டு வயதில் கறிவேப்பிலை வாங்கப் போனவள், தெப்பக்குளத்தில் தெப்பத்துக்கு மூங்கில் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே பொழுது சாய நின்றிருக்கிறேன். அண்ணன் வந்து காதைப் பிடித்து இழுத்துப் போனான். கறிவேப்பிலை கையில் இருந்தது. ஒரு செருப்புதான் காலில் இருந்தது. என் பள்ளிக்கூட நாட்களில் வீட்டில் எப்போதும் ஒத்தச் செருப்புகளாகவே கிடக்கும். இரண்டையும் சேர்த்துத் தொலைக்கிற சாமர்த்தியம் கூட எனக்கு இல்லை என்பார் அம்மா.

தையலிலும் அப்படித்தான். ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு இரண்டு கையும் இடது கையாக வெட்டியிருக்கிறேன். அதே பெண்ணுக்கு முதுகில் மயில் வேலை செய்தபோது, காலையில் உட்கார்ந்தவள் தண்ணீர் கூடக் குடிக்காமல் சாயங்காலம் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். மயிலைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணின் அம்மா அழுதுவிட்டார். பிறகு கையைப் பார்த்துவிட்டு மறுபடியும் அழுதார்.

"வேணும்னா செய்யத் தெரியுதுல்ல? அப்ப மத்தது திமிருதான?" என்பார் வீட்டுக்காரர். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அதிகம் பேசாதவள். திமிர் என் மாதிரி ஊமையாகக்கூட இருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன்.

பிரசவப் பேச்சுக்குப் பிறகு ஷீபாதான் போனில் சொன்னாள். "அம்மா, இதுக்கு ஒரு பேரு இருக்கும்மா. ஏ.டி.எச்.டி. பெரியவங்களுக்கும் இருக்குமாம். ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டும்மா, எனக்காக." நம்ப வைக்கச் சின்னச் சின்ன வீடியோக்களாக அனுப்பினாள். அழகான ஒரு பெண் கண்ணை உருட்டி, "சாவியை அடிக்கடி தொலைக்கிறீர்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன், போனைப் பார்த்து. அடுத்த வீடியோவில் ஞாபக சக்தி லேகியம் விற்றார்கள். அதற்கடுத்ததில் சாவி மாட்டுகிற மரப்பலகை விற்றார்கள். இரண்டையும் வாங்கவில்லை. வாங்க நினைத்து, வேறொரு வீடியோவில் போய்விட்டேன்.

தமிழில் இதற்கு என்ன பெயர் என்று பார்த்தேன். கவனக்குறைவு என்று தொடங்கியது. அது நோயின் பெயர் மாதிரியே இல்லை. என்னை வையும்போது சொல்கிற வார்த்தை. அடுத்த வார்த்தை மிகையியக்கம். அண்ணன் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "மிகையியக்கமா? இவள எடத்த விட்டு நகத்த கிரேன்ல வரணும்!" டாக்டர் பிற்பாடு சொன்னார், சிலருக்கு ஓட்டமெல்லாம் மண்டைக்குள்தானாம்.

முதலில் வாங்கின அப்பாயின்ட்மென்டை மறந்துவிட்டேன். அதையே சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று போன் செய்து கேட்க நினைத்தேன். கூச்சமாக இருந்தது. ஷீபா இரண்டாவது வாங்கிக் கொடுத்தாள். டாக்டர் பார்த்து, தைராய்டாக இருக்கலாம், ரத்தசோகையாக இருக்கலாம் என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு, "சைக்காலஜிஸ்ட் மேடம் விவரமா பேசுவாங்க, சின்ன வயசுல உங்களத் தெரிஞ்சவங்க ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவர் அண்ணனிடம் சொன்னார். அப்படியே போய், வேன் பிடிக்கிற அளவுக்கு ரகசியம் வளர்ந்துவிட்டது.

வேனில் ஒத்திகை

வேன் புறப்பட்டதும் வீட்டுக்காரர் முன்சீட்டிலிருந்து திரும்பினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. உள்ள போயி யாரும் மேரியப் பத்தித் தப்பா ஒரு வார்த்த சொல்லப்படாது. மண்டையில கோளாறுன்னு எழுதிக் குடுத்துட்டாய்ங்கன்னா மேலூருக்குப் போயிரும். அப்புறம் புள்ளையப் பிரசவத்துக்கு அனுப்ப மாட்டாக."

"நம்ம புள்ளைய நாம விட்டுக் குடுப்பமா?" என்றார் சின்னம்மா.

"நான் பாத்துக்கிறேன் மாப்ள" என்றான் அண்ணன்.

சிநேகிதன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எதுக்குண்ணே போறோம்?" என்று கேட்டான்.

வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அந்தப் பையனுக்குத்தான் தெளிவு இருந்தது. அவனுக்கு எங்கள் குடும்பத்தோடு சம்பந்தம் இல்லை.

சாட்சிகள்

இனி, ரத்தம் கொடுத்துவிட்டு நான் போன அந்த அறைக்கு வருவோம்.

மேடத்துக்கு முப்பது வயது இருக்கும். மேஜையில் நீளமான ஒரு படிவம். ஒவ்வொரு கேள்விக்கும் 'இல்லவே இல்லை' முதல் 'அடிக்கடி' வரை கட்டங்கள்.

"சின்ன வயசுல பொருளெல்லாம் தொலைப்பாங்களா?"

"தங்கச்சியா? சேச்சே. ஒரு குண்டூசி தொலைச்சதில்ல மேடம்."

"சொல்லிவிட்ட வேலைய பாதியில விட்டுட்டு வேற எதையாவது பாத்துட்டு நிப்பாங்களா?"

"கடைக்கிப் போகச் சொன்னா அம்பு மாதிரி போவா. அம்பு மாதிரி வருவா."

"படிப்பு?"

"ஃபர்ஸ்ட் மார்க்."

நான் அண்ணனைப் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் கணக்கில் நான் வாங்கின மார்க்கைப் பார்த்து, அப்பாவுக்குப் பயந்து அவர் கையெழுத்தைத் தானே போட்டுக் கொடுத்தவன் அவன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நாற்பது வருஷமாக என்னைத் திட்டுவதற்கு இவன் சேர்த்து வைத்த கதைகள் ஒரு மூட்டை இருக்கும். தேவைப்பட்ட ஒரே நாளில் மூட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

அடுத்து சின்னம்மா. "இவ மாதிரி ஒரு புள்ள இந்த மதுரையில கெடையாது கண்ணு" என்று ஆரம்பித்து, தன் மூத்த மருமகளின் கவனக்குறைவு பற்றிக் கால்மணி நேரம் பேசினார். மேடம் பொறுமையாக எழுதிக்கொண்டார். அந்த மருமகளுக்கு அன்றைக்கே சீட்டு எழுதியிருக்கலாம்.

கடைசியாக வீட்டுக்காரர்.

"வீட்டுல அடுப்ப அணைக்க மறக்கிறது, அந்த மாதிரி?"

"எப்பயுமே இல்ல மேடம்."

"வெளிய போனா பொருள வச்சுட்டு வர்றது?"

"சொல்லப்போனா எனக்கு அவதான் எடுத்துக் குடுப்பா. அம்புட்டுக் கவனம்."

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆயாம்மா உள்ளே தலையை நீட்டினார். கையில் ஒரு பழுப்பு நிறக் கைப்பை. ஜிப்பில் பாசிமணிக் குஞ்சம் தொங்கியது.

"ரத்தம் எடுக்குற ரூம்ல கெடந்துச்சு. இது யாரோடது மேடம்?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"என்னோடது" என்றார் வீட்டுக்காரர்.

எழுந்து போய் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கெட்டி மீசை, காக்கிக் கால்சட்டை, பாசிமணிக் குஞ்சம். இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் எனக்காக அவர் செய்த பெரிய தியாகம் அதுதான். அதுவும் எனக்கு எதிராகப் போய் முடிந்தது.

மேடம் சிரிக்கவில்லை. படிவத்தை மூடிவிட்டு, "அடுத்த வாரம் தனியா வாங்கம்மா" என்றார். "பழைய ப்ராக்ரஸ் கார்டு ஏதாவது இருந்தா கொண்டு வாங்க. இந்தப் படிவத்தப் பாத்தா, இந்த ஊர்லயே உங்கள மாதிரி கவனமான ஆள் கெடையாது."

வேனில் திரும்பும்போது எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். ஜெயித்துவிட்ட மாதிரி இட்லியைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். அண்ணி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

முருங்கைக்கீரைக்கு அடியில்

மறுநாள் அண்ணி வந்தார். ஒயர்கூடை நிறைய முருங்கைக்கீரை. "உங்க அண்ணனுக்குத் தெரியாம வந்தேன்" என்றார். கீரையைக் கொடுப்பதற்கு எதற்கு அண்ணனுக்குத் தெரியக் கூடாது என்று நான் யோசிக்கும்போதே, கீரையை ஒதுக்கிவிட்டு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார்.

"உங்கப்பாவோட டிரங்குப் பெட்டியில கெடந்துச்சு. ஞானஸ்நானச் சீட்டு தேடையில பாத்தது. எனக்கு எதுக்கு இந்த வம்பு, ஆனா மனசு கேக்கல."

என் ப்ராக்ரஸ் கார்டுகள். நாலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஐந்து. மூலையெல்லாம் பூச்சி அரித்திருந்தது. என் கையில் இருந்திருந்தால் ஐந்தும் ஐந்து இடத்தில் தொலைந்திருக்கும்.

மார்க்கைப் பார்க்கவில்லை. ஆசிரியர் குறிப்பு என்ற இடத்தைப் படித்தேன். 'அமைதியான பெண். நோட்டுக் கொண்டு வருவதில்லை.' 'நல்ல பெண். பாதி விடைத்தாளை எழுதாமலே கொடுக்கிறாள்.' 'வகுப்பில் இருக்கிறாள், ஆனால் இருப்பதில்லை.' ஆறாம் வகுப்பு கார்டில் நீல மையில் அழகான கையெழுத்து: 'ஜன்னல் ஓரம் உட்கார வைக்க வேண்டாம்.'

எனக்கு அந்த ஜன்னல் ஞாபகம் வந்தது. வெளியே ஒரு வேப்பமரம், அதில் ஒரு சைக்கிள் டயர் மாட்டிக்கொண்டு தொங்கும். எப்படி அவ்வளவு உயரத்துக்குப் போனது என்று ஒரு வருஷம் யோசித்தேன். ஆறாம் வகுப்பில் நான் படித்தது அது ஒன்றுதான்.

கார்டுகளை மறக்காமல் கொண்டு போக வேண்டுமே என்று தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். அடுத்த வாரம் தலையணையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேடம் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தார்.

அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசினோம். நான் ஒருவரிடம் அவ்வளவு நேரம் பேசினது அதுதான் முதல் தடவை. கம்ப்யூட்டரில் எழுத்து வரும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அறைக்கு வெளியே யாருடைய கொலுசு சத்தமோ கேட்டது. எவ்வளவு கனமான கொலுசாக இருக்கும் என்று யோசிப்பதற்குள் பத்து எழுத்து போய்விட்டது.

அடுத்த தடவை டாக்டரும் மேடமும் சேர்ந்து சொன்னார்கள். இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே இருக்கிறது.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "இது இருந்தா, பாக்குறவங்களுக்கு இவ மனசுல எதுவும் இல்லன்னு தோணுமா மேடம்?"

"தோணும்மா. கவனம் விலகிப் போறது வேற, பிரியம் இல்லாம இருக்கிறது வேற. வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்."

மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மறக்காமல் சாப்பிட வேண்டுமாம். அதை மட்டும் எப்படி என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஷீபாதான் வழி கண்டுபிடித்தாள். என் போனில் அலாரத்துக்கு மணிச் சத்தம் வேண்டாம் என்று, தன் குரலையே பதிவு செய்து வைத்தாள், மாத்திரைக்கு ஒன்று, அடுப்பைப் பற்ற வைத்தால் போட்டுக்கொள்ள ஒன்று.

டீச்சர் வந்தார்

ஏழாம் மாதம் வளைகாப்பு பேச டீச்சர் ஷீபாவோடு வந்தார். அன்று முடிவாகிவிடும், பிள்ளை இங்கே வருகிறதா இல்லையா என்று.

காலையிலேயே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். "நீ வாயத் தொறக்காத. அது உனக்குக் கஷ்டமில்ல."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்ததும், "டாக்டர்ட்ட காட்டுனதா ஷீபா சொன்னாளே?" என்று கேட்டார்.

"காட்டியாச்சு சம்பந்தி" என்றார் வீட்டுக்காரர். "ஸ்கேனு, ரத்தம், எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணுமில்லைன்னுட்டாய்ங்க. தைராய்டு கூட இல்ல."

ஸ்கேன் எடுக்கவே இல்லை. அதையும் சேர்த்துச் சொன்னால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

"அப்பிடியே ஏதாவதுன்னாலும் நான் இருக்கேன்ல? முப்பது வருசமா கரண்டுல வேல பாக்குறேன். ஒரு சுச்சு மாத்திப் போட்டதில்ல. இந்த வீட்டுல கவனத்துக்கு நாந்தான் கேரண்டி."

நான் கதவோரம் நின்றிருந்தேன். ஒன்றுமில்லை என்று அவர் சொன்னது என்னைக் காப்பாற்றத்தான். ஆனால் ஒன்றுமில்லை என்றால், அன்றைக்குப் பால் கருகினதற்கு என்ன காரணம் மிச்சம்? என் மகளும் அவள் வயிற்றுப் பிள்ளையும் என் மனசில் இல்லை என்பதுதான் மிச்சம். அதைச் சொல்லிப் பிரசவத்தை வாங்குவதா?

அப்போது போன் பேசியது. ஷீபாவின் குரல்.

"அம்மா! அடுப்பு! எந்திரிச்சுப் போயி பாரு. பாத்துட்டு வந்து என்னைய ஆஃப் பண்ணு."

டீச்சர் ஷீபாவைப் பார்த்தார். ஷீபா வாயில் முறுக்கை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குரல் விடவில்லை. "அம்மா! அடுப்பு!"

நான் போய் அடுப்பைச் சின்னதாக வைத்தேன். திரும்பி வரும்போது கார்டுகள் இருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தேன்.

"டீச்சர், எனக்கு இருக்கு" என்றேன். "டாக்டர் எழுதிக் குடுத்துருக்காக. மாத்திரை சாப்பிடுறேன். சின்ன வயசுலயே இருந்துருக்கு. இத பாருங்க."

"மேரி!" என்றார் வீட்டுக்காரர்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கார்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். எனக்கு வயது நாற்பத்தேழு. கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றேன். ஆறாம் வகுப்பு கார்டை மட்டும் மறுபடியும் எடுத்துப் படித்தார்.

"நானும் இப்பிடி எழுதியிருக்கேன்" என்றார் கடைசியில். "ஜன்னல் ஓரம்னு எழுதல. 'வீட்டில் கண்டிக்கவும்'னு எழுதுவேன்."

"எங்க வீட்லயும் அதத்தான் செஞ்சாக டீச்சர்."

இதை நான் சொன்னேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. ஷீபா முறுக்கை மெல்ல ஆரம்பித்தாள்.

"எத்தன பிள்ளைக்கி எழுதுனேன்னு தெரியல" என்றார் டீச்சர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தபோது மறுபடியும் டீச்சராகிவிட்டார்.

"பிள்ள இங்கயே வரட்டும். குளிப்பாட்டுறது, தூக்குறது, தூங்க வைக்கிறது எல்லாம் மேரி. கையில எடுத்தத முடிக்காம எந்திரிக்க மாட்டாங்க, அத நான் அன்னைக்கே பாத்தேன். ஆனா அடுப்புப் பக்கம் மட்டும் அவங்க போக வேணாம்."

"அப்ப சமையலுக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

டீச்சர் வகுப்புத் தலைவரை நியமிக்கிற மாதிரி அவரைப் பார்த்தார்.

"நீங்க இருக்கீங்களேண்ணே. கேரண்டி குடுத்தீங்கள்ல."

ஒரு நிமிஷம்

வீட்டுக்காரர் மத்தியான ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டார். மில்லில் காரணம் கேட்டதற்கு, மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாராம். அப்படியும் எனக்கு வியாதி வந்துவிட்டது.

வளைகாப்பு முடிந்து ஷீபா வந்த மறுநாள் காலை. அவள் கால் வீங்கியிருக்கிறது என்று நான் மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் பால் வைத்துவிட்டு அவர் பக்கத்திலேயே நின்றார். நின்றதை நான் பார்த்தேன். போன் வந்தது. மில்லில் எந்த மோட்டாரோ ஓடவில்லையாம். எந்த ஒயரைக் கழற்ற வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று விளக்கமாகச் சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினார்.

பால் பொங்கி, அடுப்பு மேல் வழிந்து, மேடையில் இறங்கி, அவர் கால் வரை வந்தது. அப்போதுதான் துள்ளினார்.

"ஒரு நிமிசம்தான் திரும்புனேன்" என்றார்.

அந்த வாக்கியம் எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்தாறு வருஷமாக நான் சொல்லி வந்தது. ஒருநாளும் அதை யாரும் நம்பினதில்லை.

சின்னம்மா போனில் கேட்டுவிட்டு, "பாவம், வேல டென்சன், ஆம்பள என்ன செய்வாரு" என்றார். வீட்டுக்காரருக்கு யாரும் வேன் பிடிக்கவில்லை. யாரும் அவருடைய சின்ன வயது மார்க்கைத் தேடவில்லை. மனசில் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, அவர் வெந்த காலைத் தூக்கிக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது.

"ஏ மேரி, துடைக்கிற துணி எங்க?" என்று மூன்று டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

ஷீபாவின் காலை மெதுவாகத் தலையணையில் வைத்துவிட்டு எழுந்தேன். சிலிண்டருக்குப் பின்னால், இடது பக்கம், ஆணியில். என் வாழ்க்கையில் எத்தனையோ பொருளை எங்கெங்கோ வைத்து மறந்திருக்கிறேன். அந்தத் துணியை மட்டும் ஒருநாளும் தேடினதில்லை. எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.